"சரிம்மா"ன்னு சொல்லியே அனுப்பிடுறாரு!

கேள்வி: மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல தன்னார்வலரா இருக்கேன், வீடு வீடா போய் சுகர், பிபி மாத்திரை குடுக்குறேன். எங்க ஏரியால டீக்கடை வெச்சிருக்குற அண்ணன் ஒருத்தர் மாத்திரைய ஒழுங்கா வாங்கிக்குறாரு, ஆனா நாளுக்கு ஆறேழு டீ, எல்லாம் சர்க்கரையோட. கால் போயிடும், கிட்னி போயிடும்னு எவ்ளோ சொன்னாலும் சிரிச்சுக்கிட்டே "சரிம்மா"ன்னு அனுப்பிடுறாரு. என்ன பண்றது டாக்டர்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: மொதல்ல பயமுறுத்துறத நிறுத்திடுங்கம்மா. கால் போகும்னு அவருக்குத் தெரியாம இல்ல, நாம மாறுங்க மாறுங்கன்னு பிடிச்சு இழுக்க இழுக்க அவரு மாறாம இருக்குறதுக்கு காரணம் தேடி சொல்லுவாரு, தன் வாயால சொல்ற காரணம் அவருக்கே உறுதியாயிடும். அதனால மாறணுங்குற காரணமும் அவர் வாயில இருந்துதான் வரணும். குடிநோயாளிங்களுக்கு சிகிச்சை குடுத்த அமெரிக்க சைக்காலஜிஸ்ட் வில்லியம் மில்லர் 1983லயே இத எழுதிட்டாரு, அப்புறம் ஸ்டீபன் ரோல்னிக்னு இன்னொரு சைக்காலஜிஸ்ட்டும் அவரும் சேர்ந்து வளர்த்தாங்க, இப்படி பேசுற முறைக்கு மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங்னு பேரு, இன்னைக்கு சுகர், சிகரெட்னு எல்லாத்துக்கும் பயன்படுத்துறாங்க.

அடுத்த தடவ இப்படி கேட்டுப் பாருங்க. "அண்ணே, டீல சர்க்கரைய கொறைக்கணும்னு உங்களுக்கு எவ்ளோ தோணுது, பத்துக்கு எத்தன மார்க்?" 4ன்னு சொல்றாருன்னு வைங்க. "ஏன் 4 தானா?"ன்னு கேட்டுடாதீங்க, சாக்குதான் வரும். "ஒண்ணு ரெண்டுன்னு சொல்லாம 4 சொல்றீங்களே, ஏன்ணே?"ன்னு கேட்டுட்டு பேசாம இருங்க, அவரு யோசிக்கட்டும். "ராத்திரி நாலு தடவ ஒண்ணுக்கு எந்திரிக்கிறேன்மா, விடியக்காலைல கடை தொறக்கவே முடியல"ன்னு ஏதாவது வரும். கிட்னிய விட அந்த தூக்கம்தான் அவருக்குப் பெருசு. அதையே திரும்ப சொல்லுங்க, "தூக்கம் இல்லாம அடுப்பு முன்னாடி நிக்கிறது கஷ்டம்தான்ணே"ன்னு, அட்வைஸ் வேணாம்.

அப்புறம் முடியுங்குற நம்பிக்கைக்கு எத்தன மார்க்னு தனியா கேளுங்க. ஆச 8, நம்பிக்கை 2ன்னா சிக்கல் மனசுல இல்ல, கடைல இருக்கு, ஒவ்வொரு தடவ டீ போடும்போதும் ருசி பாத்தே ஆகணும் பாருங்க. என்ன பண்ணலாம்னு அவரே சொல்லட்டும், மத்தியானத்துக்கு மேல குடிக்கிறத மட்டும் சர்க்கரை இல்லாம குடிக்கிறேன்னு சொன்னா அது போதும், மொத்தமா விடுங்கன்னு நாம ஏத்தி விட வேணாம். உங்களுக்கு எதாச்சும் சொல்லணும்னா "ஒரு விஷயம் சொல்லட்டுமாண்ணே?"ன்னு கேட்டுட்டு சொல்லுங்க. ஓபில கூட்டம் நிக்கிறப்ப டாக்டருக்கு இதுக்கெல்லாம் நேரமே கிடைக்காது, நீங்கதான் வீட்டுக்கே போறீங்க, அதுக்காகவே உங்க வேலை மேல எனக்கு ரொம்ப மரியாதை.

இப்ப வேணாம்னு சொன்னா வற்புறுத்தாம அடுத்த மாசம் திரும்பப் பேசுங்க. ஹெச்பிஏ1சிங்குற ரத்த டெஸ்ட் கிட்டத்தட்ட 3 மாச சுகரோட சராசரிய காட்டும், அடுத்த ரிசல்ட்ட அவர் கைலயே குடுத்து என்ன தோணுதுன்னு கேளுங்க. ராத்திரி அடிக்கடி எந்திரிக்கிறாருன்னா நர்ஸ்கிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க, மாத்திரை அளவ டாக்டர் பாக்க வேண்டியிருக்கும்.