ஜெர்மனியில் பழைய வீட்டோடு வரும் விறகு அடுப்பை எரிக்கலாமா?

கேள்வி: ஜெர்மனியில் ஒரு பழைய வீட்டை வாங்கப் பார்க்கிறோம். ஹாலில் விறகு எரிக்கும் இரும்பு அடுப்பு இருக்கிறது. 2024-க்குப் பிறகு பழைய அடுப்புகளை எரிக்கக் கூடாது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. மீதி, அடுப்பின் முதுகில் ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கிறது. பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் போய்ப் பார்த்துவிடுங்கள். நான் பார்க்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்களும் என்னைப் போல ஐடி வேலைக்கு வந்து, வாடகை கட்டி அலுத்து, ஊர் ஓரமாக ஒரு வீட்டைப் பிடிக்கிறவராக இருப்பீர்கள். அந்த அடுப்பைப் பார்த்ததுமே வீட்டில் பாதி முடிவு ஆகியிருக்கும். எங்கள் கதை அதுதான். 2021-ல் ஷ்டுட்கார்ட் பக்கம் ஒரு கிராமத்தில் வாங்கினோம். சமையலறை அலமாரிக்கு இரண்டாயிரம் யூரோ குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டிய நான், அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த வருடம் உக்ரைன் போர், காஸ் விலை ஏற்றம். ஊரே விறகு தேடி அலைந்தது. நானும் ஒரு விவசாயியிடம் மூன்று ஸ்டேர் பீச் மர விறகு வாங்கினேன். ஸ்டேர் என்றால் ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரத்துக்கு அடுக்கிய கட்டு. நன்றாகக் காய்ந்தது என்றுதான் சொல்லி விற்றார். எரித்தால் உஸ்ஸென்று சத்தம், பத்து நிமிடத்தில் அடுப்புக் கண்ணாடி முழுக்கக் கரி. வீடியோ காலில் பெருமையாக அம்மாவுக்குக் காட்டினேன். "ஏஞ்சாமி, பச்ச வெறகப் போட்டா பொகையாம என்ன பண்ணும்? முனையில நொர தள்ளுது பாரு" என்றார். இலவச காஸ் அடுப்பு வரும்வரை சீமைக்கருவேல விறகில் சமைத்தவர். நான் எம்.இ. படித்தவன், கேட்பேனா? இரண்டு குளிர்காலம் அதையே எரித்தேன்.

2023 இலையுதிர் காலத்தில் ஷோர்ன்ஸ்டைன்ஃபேகர் வந்தார். புகைபோக்கி சுத்தம் செய்கிறவர் என்று சொன்னால் பாதிதான் புரியும். அந்தப் பகுதிக்கென்று பொறுப்பு கொடுக்கப்பட்டவர் ஏழு வருடத்தில் இரண்டு முறை வீட்டுக்குள் வந்து எல்லா அடுப்பையும் பார்ப்பார். வேண்டாம் என்று சொல்ல முடியாது. இங்கே அவரை வழியில் பார்த்தாலே அதிர்ஷ்டமாம். எனக்கு அப்படி ஒன்றும் வாய்க்கவில்லை.

டார்ச் அடித்து அடுப்பின் பின்னால் குனிந்தார். கட்டை விரலால் தூசியைத் துடைத்தார். தகட்டில் 1998. அப்புறம் விறகைக் காட்டச் சொன்னார். ஒரு கட்டையை எடுத்துக் கோடாரியால் பிளந்து, புதிதாகப் பிளந்த முகத்தில் இரண்டு ஊசி வைத்த சின்ன மீட்டரைக் குத்தினார். 34 என்று காட்டியது. விறகில் ஈரம் 25 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது விதி. குரலை உயர்த்தாமல்தான் சொன்னார், எனக்குத்தான் காது சுட்டது. அம்மா மீட்டர் இல்லாமலே சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அடுப்புப் புகைக்கான விதி 2010 மார்ச் 22 முதல் அமலில் இருக்கிறது. பழைய அடுப்புகளை ஒரேயடியாக நிறுத்தவில்லை, தகட்டில் உள்ள தேதியை வைத்துக் கெடு கொடுத்தார்கள். 1974 வரையிலானவைக்கு 2014 கடைசி, 1984 வரை 2017, 1994 வரை 2020. 1995 முதல் 2010 மார்ச் 21 வரை உள்ளவைக்கு 2024 டிசம்பர் 31. உங்கள் காதில் விழுந்தது இந்தக் கடைசிக் கெடுதான். கெடு தாண்டிவிட்டாலும் வரம்புக்குள் இருக்கிறது என்று நிரூபித்தால் தொடர்ந்து எரிக்கலாம். ஒரு கன மீட்டர் புகையில் தூசி 0.15 கிராம், கார்பன் மோனாக்சைடு 4 கிராம், அதற்கு மேல் போகக் கூடாது. தயாரித்த கம்பெனியின் சான்றிதழ் இருந்தால் போதும். ஹெச்கேஐ (HKI) என்ற அடுப்புத் தயாரிப்பாளர்கள் சங்கத்தின் இணையப் பட்டியலில் மாடல் பெயரைப் போட்டுத் தேடலாம். இல்லையென்றால் புகைபோக்கிக்காரரை வைத்து அளக்க வேண்டும். தேறாவிட்டால் ஃபில்டர், புது அடுப்பு, அல்லது மூடிவிடுவது. கண்டுகொள்ளாமல் எரித்தால் அபராதம் 50,000 யூரோ வரை போகலாம் என்று சட்டத்தில் இருக்கிறது.

விதிவிலக்கும் உண்டு. 1950-க்கு முன் செய்த அடுப்பு, 15 கிலோவாட்டுக்குள் உள்ள வீட்டுச் சமையல் அடுப்பு, அந்த வீட்டுக்கே அது ஒன்றுதான் கணப்பு என்றால் அதுவும் தப்பிக்கும்.

இதைப் படிக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. கொள்ளுத்தாத்தா காலத்து அடுப்புக்குச் சலுகை உண்டு. கோயம்புத்தூர் டிராஃபிக்கில் பன்னிரண்டு வருடம் ஓட்டிய என் இந்திய லைசென்ஸ் ஆறு மாதத்தோடு செல்லாக் காசு. முதலிலிருந்து எழுத்துத் தேர்வு, கிளாஸ், ரோட்டில் தேர்வு. அதிலும் ஒருமுறை தோள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை என்று ஃபெயில்! கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், விடுங்கள்.

என் அடுப்பு அந்தப் பட்டியலில் இல்லை. அளக்கச் சில நூறு யூரோ ஆகும், தேறும் என்று யாரும் உறுதி தரவில்லை. புதிதாக வைக்கக் கேட்ட விலைக்கு நாலு பேரும் ஊருக்குப் போய் வந்துவிடலாம். மூடிவிட்டோம். குழாயைக் கழற்றிப் புகைபோக்கி ஓட்டையை அடைத்தாயிற்று. போன நவராத்திரிக்குக் கொலுவின் மேல்படி அதுதான்.

"அவன் நாட்டில் ஆலை புகைகிறது, கார் புகைகிறது, ஏழையின் அடுப்பில்தான் சட்டமா" என்று யாராவது கமெண்டில் வருவார்கள். முதல் விஷயம், நான் ஏழை இல்லை, வீட்டில் காஸ் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அடுப்பு சனி, ஞாயிறு சாயங்காலத்து ஆசைக்கு. இரண்டாவது, எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு வயதான அம்மா தனியாக இருக்கிறார். இந்த ஊரில் எந்தக் குளிரிலும் காலையும் இரவும் ஜன்னலை விரியத் திறந்து காற்று விடுவார்கள், அது இவர்களுக்குப் பூஜை மாதிரி. அடுப்பை மூடிய முதல் குளிர்காலத்தில்தான் எங்கள் பக்கம் இருக்கும் அவருடைய படுக்கையறை ஜன்னல் திறந்திருந்ததைப் பார்த்தேன். இரண்டு வருடமும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் சட்டம் பேசியிருப்பேன். கெடு முடியவில்லையே.

அதனால் வாங்கும் முன் மூன்றே வேலை. தகட்டைப் போட்டோ எடுங்கள். விற்கிறவரிடம் ஃபாயர்ஷ்டெட்டன்பெஷைட் என்ற தாளைக் கேளுங்கள், வீட்டில் உள்ள அடுப்புகள் எல்லாம் அதில் இருக்கும். என் வீட்டுப் பைலிலும் அது இருந்தது, மூன்றாவது பக்கமாக. அந்தப் பகுதிப் புகைபோக்கிக்காரருக்கு ஒரு போன் போடுங்கள்.

என் ஷெட்டில் ஒரு ஸ்டேர் பீச் விறகு மிச்சம் இருக்கிறது. போன வாரம் ஒன்றைப் பிளந்து ஊசி குத்திப் பார்த்தேன், 17 காட்டுகிறது. உங்கள் தகட்டில் தேதி 2010 மார்ச்சுக்குப் பிறகு என்றால் வண்டி கொண்டுவந்து எடுத்துப் போங்கள்.