அப்பா தற்கொலை செய்துகொண்டார். அது என் மூளையிலும் எழுதியிருக்குமா?

கேள்வி: என் அப்பா மனச்சோர்வில் தற்கொலை செய்துகொண்டார். அப்படி இறந்தவர்களின் மூளையில் ஜீன்கள் வேறு மாதிரி இயங்குவதாகப் படித்தேன். எனக்கும் அப்படித்தான் இருக்குமா?

பதில்: என் சித்தப்பாவும் இப்படித்தான் போனார். நான் அப்போது பிளஸ் டூ. பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை, "அந்த வீட்டு ரத்தத்திலேயே இருக்கு" என்று திண்ணையில் ஒரு பெரியவர் சொன்னது காதில் விழுந்தது. அக்காவுக்கு வரன் பார்த்தபோது தரகர் அதையே கொஞ்சம் நாசூக்காகக் கேட்டார். நான் பயோடெக் படிக்கப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். மருத்துவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவிடமிருந்து உங்களுக்கு வந்தது டிஎன்ஏ. நீங்கள் படித்தது ஜீன் வெளிப்பாடு பற்றி, அதாவது எந்த ஜீனை ஒரு செல் எவ்வளவு படியெடுக்கிறது என்ற கணக்கு. ஈரல் செல்லிலும் மூளை செல்லிலும் ஒரே டிஎன்ஏதான், படியெடுப்பதுதான் வேறு. வயது, மருந்து, வாழ்ந்த வாழ்க்கை எல்லாமே அந்தக் கணக்கை மாற்றும்.

நான் திரும்பத் திரும்பப் படித்தது, கனடாவின் மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகக் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு. மைக்கேல் மீனி, மோஷே சிஃப், குஸ்தாவோ டுரெக்கி எல்லாம் அதில் இருந்தார்கள். மொத்தம் 36 மூளைகள். சிறுவயதில் கொடுமைக்கு ஆளாகித் தற்கொலையில் இறந்தவர்கள் 12 பேர், அப்படிக் கொடுமை ஏதும் இல்லாமல் தற்கொலையில் இறந்தவர்கள் 12 பேர், வேறு காரணங்களால் இறந்தவர்கள் 12 பேர். கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோனை உணர்ந்து அதற்குக் கடிவாளம் போட உதவும் ஒரு ஜீனை, மூளையில் நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் பகுதியில் பார்த்தார்கள். முதல் குழுவில் அந்த ஜீனின் முன்பகுதியில் படியெடுப்பைத் தடுக்கக்கூடிய மெத்தில் என்ற சின்ன வேதிக் குறிகள் அதிகம் ஒட்டியிருந்தன, படியெடுப்பு குறைந்திருந்தது. இரண்டாவது குழு? அவர்களும் தற்கொலையில் இறந்தவர்கள்தான். ஆனால் அவர்களின் அளவு மூன்றாவது குழுவினுடையதைப் போலவே இருந்தது. தடம் பதித்தது குழந்தைப் பருவம். செய்தித் தலைப்புகளில் இந்த இரண்டாவது குழு காணாமல் போய்விடுகிறது.

இறந்தவரிடம் "சின்ன வயசில் உன்னை யார் அடிச்சாங்க" என்று கேட்க முடியாது. அதனால் குடும்பத்தாரோடு உட்கார்ந்து பொறுமையாகக் கேட்கிறார்கள், இதற்கு உளவியல் பிரேதப் பரிசோதனை என்று பெயர். எங்கள் தாத்தா சித்தப்பாவை எப்படி வளர்த்தார் என்று கேட்டால், இன்றும் எங்கள் வீட்டில் பேச்சு சட்டென்று மழைக்கும் வயலுக்கும் போய்விடும்.

2020இல் டுரெக்கியின் குழு ஒவ்வொரு செல்லாகப் பிரித்தே பார்த்தது. 34 ஆண்களின் மூளை, அதில் 17 பேர் மனச்சோர்வோடு தற்கொலையில் இறந்தவர்கள். முன்மூளையிலிருந்து ஏறத்தாழ 80,000 செல் உட்கருக்கள். பெண்களின் மூளையை அதே முறையில் ஆராய்ந்து 2023இல் வெளியிட்டபோது, மாற்றம் முக்கியமாகத் தெரிந்த செல் வகைகளே வேறாக இருந்தன. ஆணுக்கும் பெண்ணுக்குமே இவ்வளவு வித்தியாசம் என்றால், உங்கள் ஒருவருக்கு என்ன நடக்கும் என்று இதை வைத்து எப்படிச் சொல்வது? உயிரோடு இருப்பவரின் மூளையில் இதை அளந்து பார்க்கவும் வழியில்லை.

பரம்பரையே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நெருங்கிய ரத்த உறவில் ஒருவருக்கு மனச்சோர்வு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு கூடும். ஆனால் அது ஏராளமான ஜீன்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் செய்யும் வேலை. செரோட்டோனின் தொடர்பான ஒற்றை ஜீனை 2003இல் பெரிதாகக் கொண்டாடினார்கள். அது உட்பட 18 ஜீன்களை 2019இல் லட்சக்கணக்கானவர்களின் தரவில் சோதித்தபோது ஒன்றும் தேறவில்லை. எச்சிலை அனுப்புங்கள், மனச்சோர்வு வருமா என்று சொல்கிறோம் என யாராவது கிட் விற்றால் அந்தக் காசுக்கு நல்ல பிரியாணி சாப்பிடுங்கள்.

இதைத் தட்டச்சு செய்த இரவில் உங்களுக்கே மனது சரியில்லை என்றால், 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள்.

போன வருடம் எனக்கு இரண்டு மாதம் தூக்கமே இல்லை. மனநல மருத்துவரிடம் போனேன். "வீட்டில் யாருக்காவது?" என்றார். சித்தப்பாவைப் பற்றி முதல்முறையாக வெளியாள் ஒருவரிடம் முழுதாகச் சொன்னேன். அவர் ஒரு வரி எழுதிக்கொண்டார். அடுத்த கேள்வி, "சாப்பாடு எப்படிப் போகுது?"