பாட்டியின் சுகர் நோட்டும் மகளின் படிப்பும்

வணக்கம் அம்மா.

"நீட்ல வரலைன்னதும் ரிசர்ச், ரிசர்ச்சுங்கிறா. இதுல சோறு கிடைக்குமா சார்?" என்று சனிக்கிழமை கேட்டீர்கள். அன்றைக்கே வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். உங்கள் மகள் கையிலிருந்த நோட்டைப் புரட்டிய பிறகு, யோசித்து எழுதுவதுதான் முறை என்று பட்டது.

இடப்பக்கம் பாட்டியின் குளுக்கோமீட்டர் அளவு. வலப்பக்கம் அன்றைக்குப் பாட்டி எப்படி இருந்தார் என்ற குறிப்பு. ஒரு நாள் இப்படி எழுதியிருக்கிறாள்: "காலை 6 மணி, 62. என்னை அத்தைன்னு கூப்பிட்டாங்க. சர்க்கரைத் தண்ணி குடுத்தேன். கால் மணி நேரம் கழிச்சு என் பேரைச் சரியா சொன்னாங்க." யாரும் சொல்லாமலே எட்டு மாதம் இப்படி எழுதியிருக்கிறாள். உடம்பு எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் மூளை. ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். குளுக்கோஸ் குறைந்தால் முதலில் தடுமாறுவதும் அதுதான். பாடப்புத்தகம் சொல்லாமல் அதை அவள் வீட்டிலேயே பார்த்துவிட்டாள். நீட் மார்க்கைவிட இந்த நோட்டைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

உடம்பின் வேதியியல் மூளையை என்ன செய்கிறது என்று ஆராயும் துறையில் பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இப்படி வீட்டில் கவனித்ததில்தான் தொடங்கியது. 1934-ல் நார்வேயில் ஒரு தாய், மனவளர்ச்சி குன்றிய தன் இரண்டு பிள்ளைகளோடு டாக்டர் டாக்டராக அலைந்தார். பிள்ளைகளின் சிறுநீரில் ஏதோ வாடை வருகிறது என்று அவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டவர் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற டாக்டர். அவர் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு என்ற ரசாயனத்தை விட்டுப் பார்த்தார். எதிர்பார்க்காத பச்சை நிறம் வந்தது. மருந்து மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, லிட்டர் கணக்கில் சிறுநீர் வாங்கி, வாரக்கணக்காகப் பிரித்தெடுத்து, அது ஃபீனைல்பைருவிக் அமிலம் என்று கண்டுபிடித்தார். கல்லீரலில் ஒரு நொதி வேலை செய்யாததால், உணவுப் புரதத்திலிருந்து வரும் ஃபீனைல்அலனின் உடம்பில் சேர்ந்து மூளையைக் கெடுத்திருக்கிறது. இன்று பல நாடுகளில் பிறந்த குழந்தையின் குதிகாலில் சொட்டு ரத்தம் எடுத்தே இதைக் கண்டுபிடித்து, உணவை மாற்றிக் கொடுத்துப் பிள்ளையைக் காப்பாற்றிவிடுகிறார்கள். ஃபோலிங் மருத்துவம் படிப்பதற்கு முன்பே வேதியியல் படித்து முடித்தவர். அந்தப் பச்சை நிறத்தை விடாமல் துரத்த வைத்தது அந்தப் படிப்புதான்.

இந்தக் காலத்துக் கதையும் ஒன்று சொல்கிறேன். 2025-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்தது. சிபிஎஸ்-1 என்ற நொதி வேலை செய்யாமல் பிறந்த குழந்தை. புரதத்திலிருந்து வரும் அம்மோனியா யூரியாவாக மாறாமல் ரத்தத்தில் ஏறி மூளையைத் தாக்கும். கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகளில் பாதிப் பேர் பிழைப்பதில்லை. ரெபெக்கா ஆரன்ஸ்-நிக்லஸ், கிரண் முசுனூரு என்ற இரண்டு மருத்துவ விஞ்ஞானிகளின் குழு, அந்த ஒரு குழந்தையின் மரபணுப் பிழையைத் திருத்துவதற்கென்றே ஆறு மாதத்தில் ஒரு மருந்து தயாரித்தது. பிப்ரவரியில் முதல் டோஸ். ஜூனில் குழந்தை வீட்டுக்குப் போனது. முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்ல இன்னும் பல வருஷம் பார்க்க வேண்டும். ஆனால் அந்த மருந்துக்குப் பின்னால் எத்தனை விதமான ஆட்கள் இருந்தார்கள் என்று பாருங்கள். மரபணுவைப் படித்தவர்கள், நுண்ணிய கொழுப்புத் துகளுக்குள் மருந்தை அடைத்துக் கல்லீரலுக்கு அனுப்பத் தெரிந்த வேதியியல்காரர்கள், எலியிலும் குரங்கிலும் சோதித்தவர்கள், திருத்தம் தப்பான இடத்தில் விழுமா என்று அலசியவர்கள்.

அதனால் சொல்கிறேன், நீங்கள் கொண்டுவந்த பிராஸ்பெக்டஸில் இருந்த 'நியூரோசயின்ஸ்' பட்டப்படிப்புக்கு நகையை அடகு வைத்துப் பணம் கட்ட வேண்டாம். இளங்கலையில் படிப்பின் பெயர் முக்கியமில்லை, அடித்தளம்தான் முக்கியம். அவள் பயோ-மேத்ஸ் குரூப், அது பெரிய பலம். மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமான ஐசரின் நுழைவுத் தேர்வில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கிலும் சம அளவு கேள்வி வரும். திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் ஐசர் இருக்கிறது, பக்கம்தான். கிடைக்காவிட்டாலும் குடி முழுகிவிடாது. அரசுக் கல்லூரியில் வேதியியலோ உயிர்வேதியியலோ சேரட்டும். மூன்றாம் வருஷம் ஜாம், கியூட் பிஜி, கேட்-பி தேர்வுகள் எழுதி நல்ல எம்.எஸ்சி.க்குப் போகலாம். கணிதத்தையும் கொஞ்சம் கம்ப்யூட்டர் நிரல் எழுதுவதையும் மட்டும் விட்டுவிடக் கூடாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மறைக்காமல் சொன்னால், பிஎச்.டி. முடிய இன்றிலிருந்து பத்துப் பதினோரு வருஷம் ஆகும். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. சில சமயம் பணம் மாதக்கணக்கில் தாமதமாக வரும், கையில் கொஞ்சம் இருப்பு வேண்டும். எம்.எஸ்சி.யோடு நிறுத்தினாலும் ஆஸ்பத்திரி லேப், மருந்துக் கம்பெனி, மருந்துச் சோதனைப் பிரிவு என்று வேலை உண்டு. முதல் சம்பளம் பெரிதாக இருக்காது. அவள் அப்பாவிடமும் இதையெல்லாம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

இந்த ஆராய்ச்சிக்கான தேவை நம் ஊரிலேயே இருக்கிறது. 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று கணக்கிட்டது. அதைச் செய்ததில் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையத்துக்குப் பெரிய பங்கு. சென்னை ஐஐடியின் மூளை மையம் 2024-ல் கருவிலுள்ள சிசுக்களின் மூளையை 5,132 சீவல்களாகப் படமெடுத்து உலகத்துக்கே திறந்துவிட்டது. அந்தப் படங்களை அவள் இன்றைக்கே போனில் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் அவளிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறேன். சர்க்கரைக்கும் எடைக்கும் கொடுக்கும் செமாக்ளூடைடு என்ற மருந்து மூளையிலும் வேலை செய்து பசியைக் குறைக்கிறது. அது அல்சைமர் மறதி நோயையும் மெதுவாக்கும் என்று பலர் நம்பினார்கள். 3,808 பேரிடம் இரண்டு வருஷம் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் மெதுவாகவில்லை என்று 2025 நவம்பரில் முடிவு வந்தது. அதற்காக உழைத்தவர்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள்தான். இப்படி ஒரு பதில் வந்தாலும் மறுநாள் லேபுக்குப் போக அவளால் முடியுமா? நீங்களும் நானும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அவள்தான் சொல்ல வேண்டும். வருகிற சனிக்கிழமை அழைத்து வாருங்கள்.

நோட்டை அவள் தொடர்ந்து எழுதட்டும். 70-க்குக் கீழே இறங்கினால் முதலில் பாட்டிக்குச் சர்க்கரை, அப்புறம்தான் பேனா. இறங்குகிற நாட்கள் அடிக்கடி வருகிற மாதிரி எனக்குத் தெரிகிறது. இந்த வாரமே அந்தப் பக்கங்களைப் பாட்டியின் டாக்டரிடம் காட்டுங்கள், மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.