வெள்ளைத்தாளில் கையெழுத்து கேட்கிறார், போடலாமா?

கேள்வி: கோவையில் விஸ்காம் கடைசி வருடம் படிக்கிறேன். கல்லூரி ப்ராஜெக்டுக்காக நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து, காங்கேயம் பக்கத்தில் ஒரு செக்கு எண்ணெய்க் கடைக்கு லோகோவும் பாட்டில் லேபிளும் செய்து கொடுத்தோம். கடைக்காரரை அறிமுகப்படுத்திய ‘பிராண்டிங் கன்சல்டன்ட்’ இப்போது சோர்ஸ் ஃபைல், அதாவது திருத்தக்கூடிய மூல டிசைன் கோப்பு, முழுவதையும் கேட்கிறார். ‘எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை’ என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தும் போட வேண்டுமாம். இல்லாவிட்டால் சான்றிதழ் வராது என்கிறார். கடைக்காரர் நல்ல மனிதர். பெட்ரோலுக்கும், போட்டோ எடுக்கவும் பணம் கொடுத்தார். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். கடைக்காரருக்குத் தாராளமாக எழுதிக் கொடுக்கலாம். நடுவில் நிற்பவருக்கு ஒரு வரிகூட வேண்டாம்.

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வரைந்தவர்தான் முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை பார்த்து வரைந்திருந்தால் நிறுவனத்துக்குப் போகும். நீங்கள் மாணவர்கள், அந்தப் பேச்சே இல்லை. இன்னார் இதைச் செய்தார் என்று பிரிக்க முடியாதபடி நால்வர் வேலையும் கலந்திருந்தால், உரிமையும் நால்வருக்கும் கூட்டாகத்தான். கல்லூரி விதிகளில் ‘மாணவர் ப்ராஜெக்ட் எல்லாம் கல்லூரிக்கே’ என்று ஒரு வரி ஒளிந்திருக்கலாம். ஆய்வுக் குழு வரும்போது மட்டும் தூசு தட்டப்படும் காகிதம் அது. மாணவர் கண்ணில் யாரும் காட்டுவதில்லை. துறைத் தலைவரிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். அப்படியே சான்றிதழையும் அவரிடமே கேளுங்கள். மதிப்பெண் போடுவது கல்லூரி, கன்சல்டன்ட் அல்ல.

சரி, சோர்ஸ் ஃபைல் மீது அவருக்கு ஏன் இவ்வளவு ஆசை? அதைத் திறந்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் லேயர்களைப் பாருங்கள். கடைக்காரர் வேண்டாம் என்று ஒதுக்கிய லோகோக்களும் அங்கேயே மறைந்து கிடக்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி என்னிடம் வந்தார். செக்கு சுற்றும் மாடு ஒன்றை வரைந்திருந்தார், இடது கொம்பு மட்டும் லேசாகக் கோணல். அந்தப் படத்தைக் கடைக்காரர் ஒதுக்கிவிட்டார். ஆறு மாதம் கழித்து வேறொரு ஊர் நல்லெண்ணெய் பாட்டிலில் அதே மாடு, அதே கோணல் கொம்பு. நடுவில் இருந்தவர் அதற்குத் தனி பில் போட்டிருந்தார். மாணவி கையெழுத்துப் போட்ட தாளில் ‘அனைத்து வரைவுகளும் உட்பட’ என்று இருந்தது. அதற்குமேல் நான் எங்கே வாதாடுவது? மாணவர்களிடம் ‘அனுபவம் கிடைக்கும் தம்பி’ என்பார்கள், கடைக்காரரிடம் முழு விலை வாங்குவார்கள். உங்கள் கடைக்காரர் அவருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று ஒருமுறை கேட்டுத்தான் பாருங்களேன்.

போட்டோ விஷயம் மட்டும் வேறு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். ஒருவர் கேட்டு, அவர் காசு கொடுத்து எடுத்த புகைப்படம், வேறு விதமாகப் பேசி வைக்காவிட்டால், காசு கொடுத்தவருக்கே சொந்தம். நீங்கள் செய்த மாதிரி லோகோ அந்த விதிக்குள் வராது. அதாவது, ஒரே லேபிளில் இருக்கும் கொப்பரை போட்டோ கடைக்காரருடையது. அதற்கு மேலே உள்ள லோகோ உங்களுடையது. பெட்ரோல் காசும் கூலிதானா என்று கேட்பீர்கள். அதை வாதாடலாம். போட்டோவுக்கென்றே கொடுத்த காசை வாதாட முடியாது. ஜிபேயில் ‘போட்டோ’ என்று குறிப்பு வேறு எழுதி அனுப்பியிருந்தால் கதை முடிந்தது. அவர் கேட்காமல், காசு வாங்காமல் நீங்களாக எடுத்த படங்கள் உங்களுடையவைதான். ஆகவே உங்கள் வேலைகளைத் தொகுத்துக் காட்டும் போர்ட்ஃபோலியோவில் அவருடைய படங்களைப் போடுவதற்கு முன் எழுத்தில் ஒரு சம்மதம் வாங்கிவிடுங்கள்.

உடனே பதிவு செய்துவிடலாமா என்று ஓடாதீர்கள். பதிவு இல்லாமலே உரிமை உண்டு. பொருள் மீது ஒட்டும் லோகோ என்றால், இதே போன்ற வணிகச் சின்னம் இல்லை என்று டிரேட்மார்க் பதிவகத்திடம் முதலில் ஒரு சான்று வாங்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு டெல்லி பதிப்புரிமை அலுவலகத்துக்கு 2,000 ரூபாய் கட்டி மனுப் போட வேண்டும். பிறகு ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் சும்மா காத்திருக்க வேண்டும். ஒரு மாட்டுப் படத்துக்கு இரண்டு அலுவலகம்! ‘ஒரே வாரத்தில் முடித்துத் தருகிறேன்’ என்று வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். தேதியோடு உள்ள ஸ்கெட்ச், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்க வேண்டாம்.

கடைக்காரருக்கு உரிமையை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அவர் தேர்ந்தெடுத்த லோகோவையும் லேபிளையும் மட்டும் அதில் அச்சிட்டு ஒட்டுங்கள். எத்தனை வருடம், எந்தெந்த ஊர் என்று எழுதுங்கள்; வருடம் எழுதாவிட்டால் 5 வருடம், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். வளைகுடாவுக்கு எண்ணெய் அனுப்பும் எண்ணம் அவருக்கு இருந்தால் இது அவருக்கும் முக்கியம். போர்ட்ஃபோலியோவில் காட்டுவோம் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். கொடுக்கும் ஃபைலில் ஒதுக்கிய லேயர்களை நீக்கிவிடுங்கள். நால்வரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் வெளியூர் போய்விட்டால் தாளைக் கூரியரில் அனுப்புங்கள். இரண்டு அசல் தயார் செய்து, ஒன்றில் கடைக்காரர் கையெழுத்தையும் வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.