படித்தது மறக்கிறது, பிடித்ததைச் சொல்ல வரவில்லை

கேள்வி: வங்கியில் வேலை செய்கிறேன். காலையும் மாலையும் 100ஆம் இலக்க பஸ்ஸில்தான் என் வாசிப்பு. மாதம் மூன்று நாவலாவது முடிந்துவிடும், பெயர்கூட நினைவில் நிற்பதில்லை. போன மாதம் ஏற்கனவே வாசித்த புத்தகத்தையே திரும்பவும் காசு கொடுத்து வாங்கிவிட்டேன். இப்போது எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு சரித்திரக் காதல் நாவலுக்கு விமர்சனம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பொலன்னறுவையில் சோழப் படைவீரனுக்கும் உள்ளூர்ச் சிங்களப் பெண்ணுக்கும் வரும் காதல். மிகவும் பிடித்த நாவல். ஆனால் எழுத உட்கார்ந்தால் கதைச்சுருக்கம்தான் வருகிறது. என்ன செய்வது?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். போனில் குறிப்பதுதான் வசதி என்றால் அதுவும் சரி. எதுவானாலும் புத்தகத்தை முடித்த அன்றே எழுதிவிடுங்கள். பெயர், ஆசிரியர், திகதி, எங்கே எடுத்தது, இவ்வளவும் ஒரு வரியில் அடங்கும். அதன் கீழே, மனதைப் பிடித்த ஓர் இடத்தைப் பக்க எண்ணோடு எழுதுங்கள். நான் பல வருடங்கள் ‘நல்ல நாவல்’ என்று மட்டும் எழுதி வைத்தேன். இன்று புரட்டினால் எது என்னை உலுக்கியது என்று தெரியவில்லை. அந்த இழப்பு உங்களுக்கு வேண்டாம். பாதியில் விட்ட புத்தகங்களையும், ஏன் விட்டீர்கள் என்பதோடு, சேர்த்துக்கொள்ளுங்கள்.

விமர்சனத்தில் கதை நாலு வரியைத் தாண்ட வேண்டாம். முடிவைச் சொல்லவே வேண்டாம். அப்புறம் உங்களையே கேளுங்கள்: இதே காதல் இன்றைய பம்பலப்பிட்டியிலும் அப்படியே நடந்துவிடுமா? நடக்கும் என்றால் வாளும் குதிரையும் அந்த நாவலுக்கு வெறும் சோடனைதான். நடக்காது என்றால் எது குறுக்கே நிற்கிறது? 11ஆம் நூற்றாண்டில் அவன் ஊரைப் பிடித்த படையின் ஆள், அவள் பிடிபட்ட ஊரின் பெண். இருவரும் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள்? அவளுடைய அண்ணன் தம்பிமார் அவனை எப்படிப் பார்த்தார்கள்? 1070இல் சிங்கள மன்னன் முதலாம் விஜயபாகு சோழரைத் துரத்தியபோது இப்படிப்பட்ட வீடுகள் என்ன பாடுபட்டிருக்கும்? ஆசிரியர் இதையெல்லாம் எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார் என்று எழுதுங்கள். உங்களுக்கு நாவல் பிடித்த காரணமும் அங்கேதான் அகப்படும் என்று நினைக்கிறேன்.

சமையலறைக் காட்சிகளையும் கவனியுங்கள். அவள் செத்தல் மிளகாய் அரைத்தால் அது பிழை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர், நம் பக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர். அவர்கள் இலங்கைக்கு வந்ததே 1505இல்தான். அதற்கு முன் உறைப்புக்கு மிளகுதான். இப்படி ஒன்று கண்ணில் பட்டால் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போங்கள். அதற்காக முழு நாவலையும் தள்ளிவிடாதீர்கள்.

எழுதுவதற்கு முன் ஒருநாள் கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போய் வாருங்கள். பொலன்னறுவைச் சிவன் கோயில்களில் கிடைத்த வெண்கலச் சிலைகள் அங்கே இருக்கின்றன. அந்த நடராசருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். வீட்டுக்கு வந்து, நாவலில் உங்களுக்குப் பிடித்த இடத்தை மறுபடி வாசியுங்கள். பேனையும் கொப்பியும் பக்கத்திலேயே இருக்கட்டும்.