கிளவுட் கேமிங் சந்தா: பணம் கட்டும் முன் லைனைச் சோதியுங்கள்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகன் 90,000 ரூபாய்க்கு கேமிங் லேப்டாப் கேட்கிறான். வீட்டில் 100 எம்பிபிஎஸ் பைபர் இருக்கிறது. கிளவுட் கேமிங் சந்தா கட்டினால் இருக்கிற பழைய லேப்டாப்பே போதும் என்கிறார்களே, நம்பலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: கிளவுட் கேமிங் என்றால் கேம் தொலைவில் உள்ள சர்வரில் ஓடும், காட்சி மட்டும் வீடியோவாக உங்கள் திரைக்கு வரும். வேகத்தைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். 2025 நவம்பரில் இந்தியாவுக்கு வந்த எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங்குக்கு 20 எம்பிபிஎஸ் இருந்தாலே போதும். ஆனால் 100-ஐ 300 ஆக்கினாலும் தீராத பிரச்சினை ஒன்று உண்டு. அது தாமதம். பட்டனை அழுத்தியதும் அந்தத் தகவல் சர்வருக்குப் போய், அங்கே காட்சி உருவாகி, வீடியோவாகச் சுருங்கித் திரும்பி வந்து உங்கள் திரையில் விரிய வேண்டும். விநாடிக்கு 60 பிரேமில் (படத்தில்) ஓடும் கேமில் ஒரு பிரேமின் ஆயுளே 16.7 மில்லி விநாடிதான். பைபரில் ஒளி ஒரு மில்லி விநாடியில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். சர்வர் 1,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வர மட்டுமே 10 மில்லி விநாடி. கேபிள் சுற்றிப் போகும் பாதையையும் நடுவில் உள்ள ரவுட்டர்களையும் சேர்த்தால் இன்னும் கூடும். சினிமா பார்க்கும்போது இது தெரியாது, அடுத்த சில விநாடிகள் முன்கூட்டியே இறங்கிவிடுகின்றன. கேமில் நீங்கள் அடுத்து எந்தப் பக்கம் திரும்புவீர்கள் என்று சர்வருக்குத் தெரியாது. அதனால் முன்கூட்டி இறக்கி வைக்க வழியே இல்லை.

ஆகவே முதலில் சோதனை. லேப்டாப்பை லேன் கேபிளில் ரவுட்டரோடு இணைத்து, பிங் கட்டளையை (ஓர் இணைய சர்வருக்குத் தகவல் போய்த் திரும்ப எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று காட்டுவது) 200 முறை ஓடவிடுங்கள். அடுத்து அதையே மகன் உட்கார்ந்து விளையாடும் அறையில் வைஃபையில் செய்யுங்கள். மூன்றாவதாக இரவு 9 மணிக்கு, வீட்டில் வேறொருவர் போன் வீடியோக்களை கிளவுடில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது. சராசரியைப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம், அதிகபட்சத்தையும் தொலைந்த பாக்கெட்டுகளையும் (வழியில் காணாமல் போன தகவல் துண்டுகளையும்) பாருங்கள். சராசரி 20 மில்லி விநாடி, அதிகபட்சம் 28 என்றால் நல்ல லைன். சராசரி அதே 20, அதிகபட்சம் 180 என்றால் காட்சி திக்கித் திக்கி வரும்.

கேபிளில் சரியாக இருந்து வைஃபையில் கெட்டால், பெரும்பாலும் லேப்டாப் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒட்டிக்கொண்டிருக்கும். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு வைஃபை அலைவரிசைகளுக்கும் ஒரே பெயர் வைத்த ரவுட்டர்களில் இது அடிக்கடி நடக்கும். 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் கொடுத்து அதில் இணையுங்கள். நடுவில் இரண்டு சுவர் இருந்தால் அதுவும் உதவாது, கேபிள்தான் இழுக்க வேண்டும். அப்லோட் நடக்கும்போது மட்டும் கெட்டால் ரவுட்டரில் வரிசை தேங்குகிறது என்று பொருள். எந்தப் பயன்பாட்டுக்கு எவ்வளவு வேகம் என்று பிரித்துத் தரும் க்யூஓஎஸ் வசதி ரவுட்டரில் இருந்தால் அதில் அப்லோடை லைன் வேகத்தில் 85 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்துங்கள். கேபிளிலும், யாரும் எதுவும் ஏற்றாத நேரத்திலும் இரவில் கெட்டால் அது இணைப்பு தருபவரின் பக்கக் கோளாறு. எண்களைக் குறித்து வைத்துப் புகார் கொடுங்கள்.

டிவியில் விளையாடினால், தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடை டிவியில் போட மறக்காதீர்கள். ப்ளூடூத் ஹெட்செட்டில் சத்தம் பிந்தி வரும், வயர் ஹெட்போன் நல்லது.

லைன் தேறினாலும், மகன் என்ன விளையாடுகிறான் என்று கேளுங்கள். கதை சொல்லும் கேம், கார் ஓட்டுவது, வியூகம் வகுப்பது என்றால் சந்தா நன்றாகவே ஒத்துவரும். போட்டித் துப்பாக்கிச் சண்டை, மோடு (ரசிகர்கள் உருவாக்கிய மாற்றங்கள்) போட்டு விளையாடுவது என்றால் வேண்டாம். இருட்டுக் காட்சிகளில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, மழையும் புல்வெளியும் வந்தால் படம் குழைகிறது என்று விளையாடுபவர்கள் குறைப்படுவது சரியான குறைதான். வீடியோவைச் சுருக்கும்போது அந்த நுணுக்கங்கள்தான் முதலில் பலியாகின்றன.

கேள்வி: ஒரு நாளுக்கு 2 ஜிபி தரும் மொபைல் பேக்கில் விளையாடலாமா? (தேனி வாசகர்)

பதில்: 10 எம்பிபிஎஸ் ஓடினால் மணிக்கு 4.5 ஜிபி. உங்கள் பேக் அரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். வேண்டாம்.

கேள்வி: என்விடியாவின் கிளவுட் கேமிங் சேவையான ஜிஃபோர்ஸ் நவ் சந்தாவில் மாதத்துக்கு 100 மணி நேரம்தான் என்கிறார்கள். கேம்களையும் தனியாக வாங்க வேண்டுமாமே? (டொரன்டோ வாசகர்)

பதில்: இரண்டும் உண்மை. மீதமானதில் 15 மணி நேரம் வரை அடுத்த மாதத்துக்குச் சேரும். தினம் 3 மணி நேரத்துக்குள் விளையாடுபவருக்கு வரம்பு இடிக்காது. கேமைத் தனியாக வாங்குவதை நான் குறையாகப் பார்க்கவில்லை. ஸ்டீம், எபிக் போன்ற இணையக் கேம் கடைகளில் வாங்கிய கேம் அந்தக் கணக்கிலேயே இருக்கும், சந்தாவை நிறுத்தினாலும் போகாது. ஆனால் வாங்குமுன் அந்த கேம் சேவையின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். 2020-இல் ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்ற கேம் நிறுவனம் தன் கேம்களை அங்கிருந்து எடுத்துக்கொண்டது. வாங்கி வைத்திருந்தவர்களாலும் அதில் விளையாட முடியாமல் போனது.

கேள்வி: கூகுள் ஸ்டேடியா போல சேவையையே மூடிவிட்டால் நம் பணம்? (கோவை வாசகர்)

பதில்: ஸ்டேடியா 2019 நவம்பரில் தொடங்கி 2023 ஜனவரி 18 அன்று மூடப்பட்டது. ஸ்டேடியா கடையில் வாங்கிய கேம்களுக்கும், கூகுள் கடையில் வாங்கிய கன்ட்ரோலர் போன்றவற்றுக்கும் பணம் திரும்பக் கிடைத்தது. மாதச் சந்தாப் பணம் கிடைக்கவில்லை. திருப்பித் தந்தது கூகுள் எடுத்த முடிவு. எல்லா நிறுவனமும் அப்படிச் செய்யும் என்று எண்ணிப் பணம் போடாதீர்கள்.

சந்தாவோடு வரும் கேம்கள் நம்முடையவை அல்ல, நேற்று இருந்தது நாளை பட்டியலைவிட்டுப் போகலாம். கட்டணமும் அப்படித்தான்: 2025 அக்டோபரில் அமெரிக்காவில் எக்ஸ்பாக்ஸின் கேம் பாஸ் அல்டிமேட் சந்தா மாதம் 19.99 டாலரிலிருந்து 29.99 டாலராக ஒரேயடியாக ஏறியது. அதனால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். அந்தச் சேவையில் மட்டுமே ஓடும் கேமைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். சேவ் ஃபைல் (கேமில் எதுவரை விளையாடினீர்கள் என்ற பதிவு) வேறு தளத்துக்கு வருமா என்பதை முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். கேம் பாஸில் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தினாலும் கட்டிய மாதம் முடியும்வரை விளையாடலாம். ஆகவே சேர்ந்த அன்றே கணக்கின் சந்தா பக்கத்துக்குப் போய் அதை அணைத்துவிடுங்கள். பிடித்திருந்தால் அடுத்த மாதம் நீங்களே கட்டிக்கொள்ளலாம். நிறுத்திய பிறகும் பணம் பிடித்தால், நிறுத்தியதற்கான ஸ்க்ரீன்ஷாட்டோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் கொடுங்கள்.