சாகணும்போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னால்: கேள்வி பதில்

நான் கோத்தகிரிக்காரி, மனநலப் பிரிவில் நர்ஸ். தற்கொலை எண்ணம், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது பற்றி வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். இந்த நிமிடமே தாங்க முடியாமல் இருப்பவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, காசு கிடையாது, தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

குன்னூர்: சிஸ்டர், பத்தாவது படிக்கும் மகள் கையில் கீறிக்கொள்கிறாள். எப்போதும் ஸ்வெட்டர் போட்டிருந்ததால் தெரியவே இல்லை. நாலு சாத்து சாத்தலாமா என்று இருக்கிறது.

சாத்தாதீர்கள். நம் ஊரில் ஸ்வெட்டரைக் கழற்றாத பிள்ளையை யார் சந்தேகப்படுவார்கள், அதனால் உங்களை நீங்களே திட்டிக்கொள்ளவும் வேண்டாம். காய் நறுக்கும்போது கை வெட்டுப்பட்டால் எப்படி மருந்து போடுவீர்களோ அப்படிக் கழுவிப் போடுங்கள், கத்தாமல். இப்படிச் செய்கிற பிள்ளைகளில் பலர் சாவதற்காகச் செய்வதில்லை, உள்ளே இருக்கும் நெருக்கடி கொஞ்ச நேரம் அடங்குகிறது என்பதால் செய்கிறார்கள். அப்போ பரவாயில்லை என்று விட்டுவிடவும் முடியாது, பின்னால் தற்கொலை ஆபத்து இவர்களுக்குக் கூடுதல். எது நடந்த பிறகு கீறத் தோன்றுகிறது என்று கேளுங்கள், அப்புறம் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். சாமி படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் மட்டும் வாங்காதீர்கள். சத்தியத்தை மீறின பிள்ளை அடுத்த தடவை இன்னும் நன்றாக மறைக்கும்.

கூடலூர்: முயற்சி செய்து பிழைத்தவர் மேல் போலீஸ் கேஸ் வருமா?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், 115-வது பிரிவு: அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த பழைய 309-வது பிரிவே இல்லை. ஆஸ்பத்திரியில் எழுதும் பதிவுக்குப் பயந்து வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

கோத்தகிரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள் என எல்லோரிடமும் சொல்கிறீர்களாம். இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிட மாட்டோமா?

இல்லை ஐயா. கேட்டதால் எண்ணம் வருவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிவிட்டன. ‘செத்துடலாம்னு தோணுதா?’ என்று கேட்டால் பாதிப்பேர் முதலில் பெருமூச்சுதான் விடுவார்கள், ஒருவராவது கேட்டாரே என்று.

ஐயா விடவில்லை. ‘ஒரு சாவு விழுந்தால் அடுத்தடுத்து விழுவதை நான் பள்ளிக்கூடத்திலேயே பார்த்திருக்கிறேன்’ என்று மறுபடி எழுதினார். எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஒரு தம்பி, ‘எங்க அப்பாவை யாரும் கேட்கலை, அதுக்கு என்ன சொல்றீங்க?’ என்று அவர் மேல் பாய்ந்தார். அதற்கு மேல் கொஞ்ச நாள் வந்ததெல்லாம் இந்தச் சண்டைதான், என் பெட்டியில் வேறு கேள்விக்கு இடமில்லை.

தம்பி, அவரிடம் கோபப்பட வேண்டாம், ஐயா பார்த்ததும் உண்மைதான். ஆனால் பரவுவது கேள்வியால் இல்லை. எப்படிச் செத்தார், எங்கே, கடைசியாக என்ன எழுதினார் என்று டீக்கடையில் விலாவாரியாகப் பேசுகிறோமே, ‘இப்பத்தான் நிம்மதியானாள்’ என்று போட்டோ போடுகிறோமே, அதனால் பரவுகிறது. செய்தியில் முறையை எழுதாதே என்று உலக சுகாதார நிறுவனமும் பிரஸ் கவுன்சிலும் சொல்வது இதனால்தான். ஒருவரைத் தனியாக உட்கார வைத்து அவர் வலியைக் கேட்பது வேறு, செத்தவர் கதையை ஊருக்கு விரிப்பது வேறு.

கொடைக்கானல்: சாகத் தோன்றுகிறது என்று நண்பன் சொல்லிவிட்டான், யாரிடமும் சொல்லாதே என்றும் கேட்கிறான்.

ஒத்துக்கொள்ளாதீர்கள். ‘உன்னைத் தனியா விடமாட்டேன், நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட சேர்ந்தே சொல்லுவோம்’ என்று சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும்.

ஊட்டி: தூக்கமே இல்லை. என்ன மாத்திரை போடலாம்?

இங்கே மாத்திரை எழுதமாட்டேன். டாக்டரைப் பாருங்கள்.

குந்தா: கோழைகள்தானே இதைச் செய்கிறார்கள்?

இல்லை. அடுத்து.

மஞ்சூர்: அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நன்றாகப் பேசுகிறார். போதும்தானே?

போதாது. வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்கள்தான் அதிக ஆபத்து. சென்னை, கொழும்பு உட்பட ஐந்து ஊர்களில் உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு செய்தது. முயன்று பிழைத்தவர்களுக்கு ஒருமுறை விளக்கமாகப் பேசி, 18 மாதங்களில் ஒன்பது தடவை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். பெரிய வைத்தியம் எதுவும் இல்லை, ‘எப்படி இருக்கீங்க’தான். விசாரிக்கப்பட்டவர்களில் தற்கொலைச் சாவு தெளிவாகக் குறைந்தது. ஆகவே அண்ணனைக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காக்காமல், அவரோடு டீ குடியுங்கள், மறுபரிசோதனைக்குக் கூடவே பஸ் ஏறுங்கள். கேரட், உருளைத் தோட்டத்து மருந்தும் வீட்டு மாத்திரைகளும் பூட்டில் இருக்கட்டும், சாவி வேறொருவர் வீட்டில். எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறைவு, அந்த நேரம் கையில் எதுவும் கிடைக்காமல் போனால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். ‘நம்ம அண்ணன் அப்படிச் செய்யமாட்டார்’ என்று பூட்டாமல் விடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

கோத்தகிரி, இன்னொருவர்: கேஸ் வருமா சிஸ்டர்?

மேலே படியுங்கள் அப்பா. கூடலூர்க்காரருக்கு எழுதியதுதான்.

குன்னூர்: கோயிலில் மந்திரிக்கலாமா?

தாராளமாக. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாமல்.

ஆசிரியர் ஐயா, மூன்றாவது தடவையாக: இன்னும் எனக்கு முழுசாக ஒப்பவில்லை. நேரில் வருகிறேன்.

வாருங்கள் ஐயா. சந்தை நாளில் மட்டும் வேண்டாம், ஓபி நிரம்பி வழியும். அந்தத் தம்பியையும் கூட்டி வாருங்கள்.